மச்சில் குட்டி போட்ட மரநாய்

ஓட்டு வீட்டில் ராத்திரி மச்சுக்கு மேல் சத்தம் கேட்டால் எல்லோரும் முதலில் எலி என்றுதான் சொல்வார்கள். எலியின் சத்தம் சின்னது. சுரண்டும், கொறிக்கும், ஓடி நிற்கும், மறுபடி ஓடும். எங்கள் வீட்டில் கேட்டது நிதானமான, கனமான காலடி. நன்றாக இருட்டிய பிறகு கிழக்கு மூலையிலிருந்து கிளம்பி, உத்திரத்தின் மேலேயே நடந்து மேற்குப் பக்கம் போகும், ஓட்டில் ஒரு 'சடக்', அதோடு ஓய்ந்துவிடும். விடிவதற்கு முன்னால் அதே சடக், அதே காலடி, மேற்கிலிருந்து கிழக்கே. எலி ராத்திரி முழுக்க உள்ளேயே அலையும். இப்படி ஷிப்டுக்குப் போகிற ஆள் மாதிரி நேரம் பார்த்துப் போய் வராது.

அடுத்த அடையாளம் வாசனை. அத்தைதான் முதலில் கவனித்தார். நடுராத்திரியில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "இந்நேரத்துல யாரு வீட்ல சோறு வடிக்காவ?" என்று கேட்டார். எனக்கும் அப்புறம்தான் மூக்கில் ஏறியது. புது அரிசி வேகிற வாசனைதான், பிரியாணிக்குப் போடும் ரம்பை இலையும் கொஞ்சம் சேர்ந்தாற்போல. மரநாய் பெயரில்தான் நாய், பூனை மாதிரி மரமேறுகிற ராத்திரி விலங்கு; அதன் வாலடியில் இருக்கிற சுரப்பியிலிருந்து வருவது இது. போகிற வழியெல்லாம் அதைத் தேய்த்துவிட்டுப் போகும். நாள் ஆக ஆக அதோடு மூத்திர வாடையும் சேர்ந்துகொள்ள, சோறு என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தையே மூக்கைப் பொத்த ஆரம்பித்தார்.

சந்தேகத்தைத் தீர்த்தது எச்சம். குளியலறைக்கு மேல் இருக்கும் கைப்பிடிச் சுவரில், ஒரே இடத்தில், தினமும். எலிப்புழுக்கை மாதிரி இல்லை, விரல் பருமன். தண்ணீர் ஊற்றினால் பாதிக்கு மேல் விதைதான் மிஞ்சும்: கொய்யா விதை, சப்போட்டா விதை, பாதிக்குப் பாதி கூந்தப்பனை விதை. கூந்தப்பனைப் பழத்தைக் கையால் தொட்டாலே அரிக்கும்; நாம் யாரும் கிட்டப் போக மாட்டோம். மரநாய் அதைத்தான் வயிறு முட்டத் தின்று, விதையைச் சேதமில்லாமல் வேறு இடத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது. புளியரைக்கு மேற்கே மலைச்சரிவில் நிற்கிற கூந்தப்பனைகளில் எத்தனை இப்படி முளைத்ததோ.

எங்கள் வீடு புளியரையில். செங்கோட்டையிலிருந்து கேரளா போகும் சாலையில், சோதனைச் சாவடிக்கு முன்னால். செங்கோட்டைப் பக்கம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்கள்தானே, பழைய வீடுகளெல்லாம் அந்தப் பாணிதான். செங்குத்தாக இறங்கும் கூரை, மங்களூர் ஓடு, அதற்குக் கீழே பலகை அடித்த மச்சு. இரண்டு பக்கமும் முக்கோணமாக ஏறுகிற சுவரின் உச்சியில் காற்று போக மரச்சட்டம் வைத்திருப்பார்கள். சாரல் காலத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்றும் ஈரமும் மச்சில் தங்கிப் பலகை உளுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. கட்டினவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒன்று உளுத்து விழுந்துவிட்டால், மேலே நல்ல இருட்டு, மழை படாத இடம், ஆள் நடமாட்டம் இல்லை. மரநாய்க்கு இதைவிட நல்ல மரப்பொந்து காட்டிலேயே கிடைக்காது.

தலை எவ்வளவு அகலமோ அவ்வளவு ஓட்டை போதும் அதற்கு. உடம்பு ஒன்றே முக்கால் அடி, வாலும் கிட்டத்தட்ட அதே நீளம், எடை இரண்டிலிருந்து ஐந்து கிலோ வரை. இருந்தும் நாலு விரல் சந்தில் நுழைந்துவிடுகிறது. மழைத்தண்ணீர்க் குழாயைக் கட்டிப்பிடித்து ஏறுகிறது. எங்கள் வீட்டில் அதுகூட வேண்டியிருக்கவில்லை; பலாமரத்துக் கிளை ஒன்று ஓட்டின் மேலேயே படுத்திருந்தது.

விஷயம் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆளுக்கொரு யோசனை. ஒருவர் குருணை மருந்தை வாழைப்பழத்தில் வைக்கச் சொன்னார். இன்னொருவர் மிளகாய்ப் புகை போடச் சொன்னார். பலகையும் ஓடும் பழைய தேக்குமாக இருக்கிற மச்சில் நெருப்பு! அந்துருண்டையை அள்ளிப் போடச் சொன்னவர்கள்தான் அதிகம். அதன் ஆவி மச்சில் மட்டும் நிற்காது, பலகைச் சந்து வழியாகக் கீழே படுத்திருக்கிறவர்கள் மூச்சிலும் கலக்கும். அதை மோப்பம் பிடித்தெல்லாம் மரநாய் வீட்டைக் காலி செய்யாது. தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். மருந்து வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. தின்றது நம் கண் முன்னால் வந்து சாகாது. மச்சின் மூலையில், கை எட்டாத சந்தில் போய்ச் சாகும்.

பொறி வைத்துப் பிடிக்கிற ஒருவரும் வந்தார். "பிடிச்சுச் சாக்குல போட்டு, செக்போஸ்ட்டைத் தாண்டி ஆரியங்காவு காட்டுல விட்டுடுதேன் அண்ணாச்சி, ஒண்ணும் தெரியாது" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். சோதனைச் சாவடியில் சாக்கு அசைந்தால் என்ன பதில் சொல்வார் என்று தெரியவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மரநாய் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் சுட்டுக் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, பொறி வைப்பது, கண்ணி போடுவது, விஷம் வைப்பது எல்லாம் அதற்குள் வருகிறது. நம் வீட்டுக்குள் வந்ததுதானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சட்டம் இருக்கட்டும், அந்த யோசனை வேலைக்கும் ஆகாது. தனக்குத் தெரியாத காட்டில் கொண்டுபோய் விட்ட விலங்குக்கு எந்த மரம் எப்போது பழுக்கும், எந்தப் பொந்து காலி என்று ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே அங்கே இருப்பதோடு சண்டை வேறு. இங்கே ஓட்டை அப்படியே இருக்கும், பலாமரம் அப்படியே நிற்கும், வாசனை அப்படியே அடிக்கும். கொஞ்ச நாளில் வேறொன்று வந்து ஏறும். எல்லாவற்றையும்விட, பிடிபட்டது தாய் என்றால் உள்ளே குட்டி இருக்கும்.

இந்தக் கடைசிக் காரணம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஏனென்றால் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் அது நடந்திருந்தது. பகலில் ஆள் வைத்து ஓட்டையைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள். எப்படியோ தாய் வெளியே மாட்டிக்கொண்டது. அன்று ராத்திரி முழுக்கக் கூரை ஓடுகளைப் பிறாண்டி, நாலைந்து ஓடுகளைக் கீழே தள்ளியும் உள்ளே போக வழி கிடைக்கவில்லை. பிறகு நாற்றம் தாங்காமல் மச்சுப் பலகையைப் பெயர்த்துத்தான் குட்டிகளை எடுத்தார்கள். மச்சுக்கு ஆன செலவைத்தான் அவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அந்த வீட்டுப் பெண்கள் மட்டும் குட்டிகள் கத்தின சத்தத்தைச் சொல்வார்கள்.

அத்தைக்கு வேறு ஒரு ஆசை. இது புனுகுப்பூனை, லட்சுமிகரம், தானாக வந்ததை விரட்டக் கூடாது என்றார். திருப்பதி பெருமாளுக்கு வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பிறகு சாத்துகிற புனுகு இதிலிருந்துதான் வருகிறது என்பது அவர் கட்சி. புனுகு கொடுப்பது வேறு இனம். அதற்கு உடம்பில் வரிசை வரிசையாகப் புள்ளி இருக்கும், வாலில் வளையம் வளையமாகப் பட்டை இருக்கும், பெரும்பாலும் தரையில்தான் சுற்றும். மச்சேறுகிற மரநாய்க்கு முகத்தில் கறுப்பு முகமூடி கட்டின மாதிரி இருக்கும், வால் வளையம் இல்லாமல் கறுப்பாக இருக்கும். வாலைப் பார்த்தால் போதும். அத்தை வாலைப் பார்க்கவில்லை, அதனால் கட்சி மாறவும் இல்லை. ஒரு வகையில் அது நல்லதாகப் போயிற்று; மருந்து வைக்கலாமா என்ற பேச்சு வீட்டுக்குள் எழவே இல்லை.

வனச்சரக அலுவலகத்தில் சொன்னோம். வனக்காப்பாளர் ஒருவரும், கூடவே வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரும் வந்தார்கள். காவலர் மலையடிவாரத்துக்காரர், வயதானவர், அதிகம் பேசாதவர். கூண்டு கொண்டு வருவார்கள் என்று எதிர்பார்த்த என் பையனுக்கு ஏமாற்றம். காவலர் கேட்டது கோலப்பொடி. ஏணி வைத்து ஏறி, உளுத்த சட்டத்துக்குக் கீழே சுவர் விளிம்பில் மெல்லிசாகத் தூவிவிட்டு, காலையில் யாரும் தொடாமல் தன்னைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பொடியில் தடம் தெளிவாக விழுந்திருந்தது. ஐந்து விரல், பூனைத் தடத்தைவிட நீளம். பூனைக்கு நாலு விரல்தான் பதியும். வெளியே போன தடமும் உள்ளே வந்த தடமும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே அளவில் இருந்ததால், பெரியது ஒன்றுதான் போய் வருகிறது என்றார். "அது வெளிய போன பொறவு மச்சுல காது வச்சுக் கேளுங்கம்மா. குட்டி இருந்தா அப்போதான் கத்தும்."

அன்று ராத்திரி சடக் கேட்ட பிறகு எல்லோரும் மூச்சு விடாமல் நின்றோம். கொஞ்ச நேரத்தில் கிழக்கு மூலையிலிருந்து மெல்லிய சத்தம். பூனைக்குட்டிக்கும் கோழிக்குஞ்சுக்கும் நடுவில் ஒரு குரல். ஒன்று தொடங்கினதும் இன்னொன்று சேர்ந்துகொண்டது.

இதற்கு மேல்தான் பொறுமை வேண்டிய கட்டம். மரநாய் ஒரு ஈற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து வரை போடும். பத்துப் பன்னிரண்டு நாளில் குட்டி கண் திறக்கும். இரண்டு மாதம் வரை பால் குடிக்கும். அதன் பிறகு தாயோடு வெளியே போக ஆரம்பிக்கும், இடத்தைத் தானாகவே விட்டுவிடும். அதுவரை விட்டுவிட முடிந்தால் அதைப்போல எளிய வழி வேறு இல்லை என்றார் வனக்காப்பாளர். முடிகிறவர்கள் அப்படியே செய்யுங்கள். வாடையையும் தூக்கக்கேட்டையும் பொறுத்துக்கொண்டால் ஒரு பைசா செலவில்லாமல் முடிந்துவிடும்.

எங்களுக்கு முடியவில்லை. வைகாசி பாதி தாண்டிவிட்டது. சாரல் இறங்குவதற்குள் ஓடு மாற்றியாக வேண்டும்; மூத்திரம் இறங்கிய பலகை ஒன்று அத்தையின் கட்டிலுக்கு நேர் மேலே கறுத்துத் தொய்ந்திருந்தது. காவலர் செல்போனை ஒரு கம்பில் கட்டி, விளக்கைப் போட்டு, மச்சுக்குள் நீட்டி வீடியோ எடுத்துப் பார்த்தார். பழைய தேங்காய்நார் மூட்டைக்குப் பின்னால் மூன்று குட்டி. கறுத்த சாம்பல் நிறம், கண் திறந்திருந்தது, வெளிச்சத்தைப் பார்த்து ஒன்று சீறவும் செய்தது. கண் திறக்காத குட்டியாக இருந்திருந்தால் தொந்தரவே கொடுக்க விட்டிருக்க மாட்டேன் என்றார். தாய் மிரண்டு ஒன்றிரண்டை விட்டுவிட்டுப் போக வாய்ப்பிருக்கிறதாம். இந்த வயதுக் குட்டியை அது வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டு போய்விடும்.

தொந்தரவு என்றால் என்ன தொந்தரவு? இருட்டும் அமைதியும் தேடித்தான் அது மச்சுக்கு வந்தது. இரண்டையும் இல்லாமல் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு எல்.இ.டி. பல்பை நீள ஒயரில் மச்சுக்குள் தொங்கவிட்டோம். குண்டு பல்பு வேண்டாம், சூடாகும், நாரில் பட்டால் வினை. பக்கத்தில் ஒரு பழைய ரேடியோ. பாட்டைவிடப் பேச்சு நல்லது. மனிதக் குரலுக்குத்தான் அது அஞ்சும். எங்கள் ஊரில் திருநெல்வேலி வானொலியும் எடுக்கும், திருவனந்தபுரமும் எடுக்கும். திருவனந்தபுரத்தில் பேச்சு அதிகம் என்று அதையே வைத்தோம். கூட்டுக்கு மேல் நேராக வெளிச்சம் அடிக்கக் கூடாது, ரேடியோவை அலற விடவும் கூடாது. பயந்து ஓடுவது வேறு, இந்த இடம் சரிப்படாது என்று முடிவெடுத்துச் சாமானைக் கட்டுவது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

வினிகரில் நனைத்த துணியைக் கூட்டிலிருந்து தள்ளி, அது வந்துபோகிற ஓட்டைக்கு எதிர்மூலையில் போடச் சொன்னார்கள். அதனால் பலன் இருந்ததா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வெளிச்சம்தான் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் காவலர் சொன்னார், யாருக்கும் தோன்றாத விஷயம். கிணற்றடியில் மாடு இல்லாத பழைய தொழுவம் ஒன்று இருக்கிறது, அதன் பரணில் சாமான் கிடக்கிறது. அதையும் சேர்த்துச் சுத்தம் பண்ணி அடைத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் கிளம்பினார். "அதைத் தொடாதிய. இங்க அடைச்சா அது எங்கயாவது போகணும்லா?" என்று தடுத்துவிட்டார். தாய்க்குப் பக்கத்திலேயே மறைவான இன்னொரு இடம் தெரிந்திருந்தால் குட்டியைச் சீக்கிரம் மாற்றும். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்தால் அது நம் மச்சை விட்டு நகரவே நகராது.

ரேடியோ பேச ஆரம்பித்த முதல் ராத்திரி தாய் வழக்கத்தைவிட முன்னதாகவே திரும்பி வந்துவிட்டது. மேலே ஒரே நடமாட்டம். எங்களுக்கும் தூக்கம் இல்லை. கேரளத்து விவசாயச் செய்தி முழுவதும் கேட்டுத் தீர்த்தோம். அடுத்தடுத்த ராத்திரிகளில் ஒன்றில் என் பையன் தாழ்வாரத்திலிருந்து என்னைக் கூப்பிட்டான். சட்டத்து ஓட்டையில் தலை தெரிந்தது. வாயில் குட்டி. பிடரியைக் கவ்வியிருந்தது, குட்டி கைகாலைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் தொங்கியது. தாய் அங்கேயே நின்று எங்கள் பக்கம் பார்த்தது. நாங்கள் டார்ச் அடிக்கவில்லை, தெருவிளக்கு வெளிச்சமே போதுமாக இருந்தது. பிறகு கிளையில் கால் வைத்து, பலாமரத்தோடு இறங்கி, கிணற்றடிப் பக்கம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் வெறும் வாயோடு திரும்பி வந்தது. அடுத்ததைக் கொண்டுபோயிற்று. அதற்குள் வானம் வெளுத்துவிட்டது.

மூன்றாவது குட்டி பகலெல்லாம் கத்திக்கொண்டிருந்தது. இங்கேதான் நிறையப் பேர் மனசு இளகிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள். எடுத்து வந்து பசும்பால் கொடுப்பது, துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வது. பசும்பால் அதற்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றாலே போகும். மனிதன் கையில் பழகிய மரநாயைக் காட்டில் விட்டால் பிழைக்கவும் பிழைக்காது. தாய் ராத்திரிதான் வரும்; அதுவரை குட்டியைத் தொடாமல் இருப்பதுதான் உதவி.

எங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல். குட்டி கூட்டிலிருந்து நகர்ந்து, பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் விழுந்துவிட்டது. தாயால் அங்கே வாயை நுழைக்க முடியாது. மறுபடியும் காவலருக்குப் போன் போட்டோம். கனமான தோல் கையுறையும் அதன் மேல் துண்டுமாகச் சுற்றிக்கொண்டு, சந்துக்குள் கையை விட்டு எடுத்தார். அவ்வளவு சின்ன உடம்புக்கு என்ன சீற்றம். உள்ளங்கால் ரோஜா நிறத்தில் இருந்தது, நகம் ஊசிதான். ஒரு அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து, வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரத்தில் வைத்து, குட்டியை உள்ளே விட்டு, சாயங்காலம் அந்தப் பெட்டியை ஓட்டைக்குப் பக்கத்தில் ஓட்டின் மேலேயே கயிற்றால் கட்டி வைத்தார். பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டியிருந்தார், தாய் எட்டி எடுக்க வாகாக. காலையில் பெட்டி காலி. மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று ஊரே சொன்னது, அது சேர்த்துக்கொண்டது.

கையுறை இல்லாமல் யாரும் இதில் கை வைக்கக் கூடாது. எந்தப் பாலூட்டி கடித்தாலும் வெறிநோய் அபாயம் உண்டு, குட்டி என்று விலக்கு இல்லை. கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஊசி அங்கே இலவசம். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது.

எல்லாம் போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது? பழைய தினத்தாளைக் கசக்கி ஓட்டையில் லேசாக அடைத்து வைத்தோம். உள்ளே ஏதாவது இருந்தால் வெளியே வரும்போது தாள் பிதுங்கி விழும். வெளியிலிருந்து வந்தால் உள்ளே தள்ளப்பட்டிருக்கும். இரண்டு மூன்று ராத்திரி தாள் அசையாமல் இருந்தால் காலி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கொட்டுகிற மழையில் இந்தச் சோதனையை நம்ப முடியாது. மழைக்கு அது படுத்தே கிடக்கும்.

குட்டி இல்லாமல் தனியாக ஒன்று தங்கியிருக்கிற வீட்டுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. ஓட்டைக்கு வெளியே ஒரு கம்பி வலைத் துண்டை மேல் விளிம்பில் மட்டும் கட்டித் தொங்கவிட்டால் போதும். ஓட்டையைவிட நாலு பக்கமும் பெரிதாக இருக்க வேண்டும். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ராத்திரி இரை தேடப் போனது திரும்பி நுழைய முடியாமல் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். குட்டி இருக்கிற வீட்டில் மட்டும் இதை மாட்டவே கூடாது. குட்டிக்குத் தள்ளத் தெரியாது, தாய்க்கு உள்ளே வர முடியாது.

அடைக்கிற வேலைக்கு ஆரியங்காவிலிருந்து ஆசாரியை வரவழைத்தோம். இந்த மாதிரிப் பழைய மச்சு வேலை தெரிந்த கை இப்போது அந்தப் பக்கம்தான் மிச்சம் இருக்கிறது. காற்றுச் சட்டத்தைப் பலகை அடித்து மூடிவிடலாமா என்று கேட்டதற்கு அவர் முகம் சுளித்தார். மூடினால் காற்றோட்டம் போய்விடும், இரண்டு சாரலில் உத்திரம் உளுத்துவிடும். அதனால் சட்டத்தைப் புதுப்பித்து, அதன் உள்பக்கமாக அரை அங்குல வெல்டு மெஷ் வைத்து, ஆணியை நம்பாமல் வாஷர் போட்டு ஸ்க்ரூ முடுக்கினார். கோழிவலை வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒன்று. மரநாய் அதைப் பல்லால் இழுத்தே பிரித்துவிடும். ஃபோம் அடித்த ஒரு வீட்டையும் பார்த்தேன், ஒரே ராத்திரியில் பஞ்சு பஞ்சாகக் கீழே கிடந்தது.

மோட்டு ஓடுகளில் சாந்து விட்டுப்போன இடங்கள், ஓடு முடிகிற ஓரத்தில் கட்டைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து, குழாய் நுழைகிற ஓட்டை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பகலில் மச்சுக்குள் ஏறி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் எங்கெங்கே வெளிச்சம் வருகிறதோ அதெல்லாம் வழி. எனக்கு நட்சத்திரம் மாதிரித் தெரிந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் செலவுக் கணக்குதான் தெரிந்தது.

பலாமரத்தில் ஓட்டின் மேல் படுத்திருந்த கிளையை வெட்டினோம். கூரைக்கும் கிளைக்கும் ஏழெட்டு அடி இடைவெளி வேண்டும். கூரையோரம் நிற்கிற தென்னைக்கு, எலிக்குக் கட்டுவது போலவே வழவழப்பான தகரத்தைச் சுற்றிக் கட்டினோம், கொஞ்சம் அகலமாக. பழுத்து விழுகிற சப்போட்டாவையும் கொய்யாவையும் சாயங்காலமே பொறுக்கிவிடுவது இப்போது என் பையன் வேலை. பலாப்பழம் வெடித்து மரத்திலேயே தொங்கினால் மரநாய் என்ன, மலையே இறங்கி வரும்.

சுத்தம் செய்வதைச் சாதாரண வேலையாக நினைக்க வேண்டாம். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும், அதில் புழு முட்டையும் கிருமியும் இருக்கும். முதலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசமும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு, அள்ளி எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தோம். வினிகர் ஊற்றின இடத்தில் பிளீச்சிங்கைக் கலக்கக் கூடாது, விஷ வாயு கிளம்பும். துணியை எடுத்து, அந்த இடத்தை வெறும் தண்ணீரால் கழுவிக் காயவிட்ட பிறகுதான் அடுத்தது. நார் மூட்டையை அப்படியே வெளியே கொண்டுபோய் எரித்தோம். வாசனை மிச்சமிருந்தால் வேறொன்று தேடி வரும் என்பதால் பலகையை இரண்டு முறை கழுவ வேண்டியிருந்தது. அத்தை கட்டிலுக்கு மேலிருந்த பலகையை மாற்றியே ஆக வேண்டும் என்றார் ஆசாரி. தேக்கு கிடைக்கவில்லை, ஆஞ்சிலி போட்டோம். நிறம் ஒட்டாமல் தனியாகத் தெரிகிறது.

வெளவால் என்றால் முறை கிட்டத்தட்ட இதேதான். ஆனால் எல்லையோரத்தில் அதைப் பற்றிப் பயம் அதிகம். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்த பிறகு, மச்சில் வெளவாலைப் பார்த்தாலே நெருப்பு வைக்கத் துணிகிறார்கள். நிபா வைரஸ் இருப்பது மரத்தில் தொங்குகிற பெரிய பழந்தின்னி வெளவாலிடம். ஓட்டுச் சந்தில் ஒட்டிக்கொண்டு பூச்சி பிடிக்கிற சின்ன வெளவால் வேறு. அதற்காக எதையும் வெறுங்கையால் தொடலாம் என்று அர்த்தமில்லை. வெளவால் கடித்த பழத்தை எந்த ஊரிலும் தின்னக் கூடாது. பாம்பு என்றால் இந்த யோசனைகளில் எதுவும் பொருந்தாது. கதவைச் சாத்திவிட்டு, அது இருக்கிற இடத்தை ஒருவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க, வனத்துறையையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிட வேண்டும். கேரளப் பக்கம் வனத்துறையின் 'சர்ப்பா' செயலியிலேயே பயிற்சி பெற்ற பாம்பு பிடிப்பவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

இப்போது ஒவ்வொரு வைகாசியிலும் சாரலுக்கு முன்னால் மச்சேறி விளக்கை அணைத்துப் பார்த்துவிடுகிறோம். மெஷ் ஓரத்தில் ஒரு முறை ஸ்க்ரூ தளர்ந்திருந்தது, முடுக்கியாயிற்று. தொழுவத்துப் பரணில் அது தங்கியதா, அல்லது வழியில் ஒரு ராத்திரி மட்டும் இருந்துவிட்டுப் போனதா என்று பார்க்க நாங்கள் ஏறவில்லை. தொழுவத்து ஓட்டில் கூந்தப்பனை விதை அவ்வப்போது கிடக்கிறது. போன மாதம் எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து, மிச்சம் கிடக்கிற மெஷ் ரோல் கிடைக்குமா, மேலே ஏதோ நடமாடுகிறது என்று கேட்டார். அத்தை உள்ளே போய்க் கோலப்பொடி டப்பாவை எடுத்து வந்து கொடுத்தார். முதலில் இதைத் தூவிக் குட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள், மெஷ் எங்கேயும் போகாது என்று சொல்லி அனுப்பினார்.